மூவாயிரத்துக்கு ஆறு குறைவு

பேனாவின் மூடியைக்கூட லோவெலே கழற்றி வைத்திருந்தான். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் அவன் மார்லிஸுக்காக எதன் மூடியையும் கழற்றிக் கொடுத்தது கிடையாது. ஜாம் பாட்டில் இறுகிக்கொண்டால்கூட அவளேதான் வெந்நீரில் காட்டித் திறந்துகொள்வாள். இன்றைக்கு என்னவென்றால், மேஜையில் கிடந்த உருளைக்கிழங்குத் தோலைப் புறங்கையால் ஒதுக்கி, வெள்ளை ஒட்டுச்சீட்டு ஒன்றை வைத்து, பக்கத்தில் பேனாவையும் வைத்துவிட்டு, நாற்காலியில் உட்காராமல் அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டரை மணி. நாலு மணிக்குத் துப்பாக்கி பழுதுபார்க்கிற ஓரின் வருவதாகச் சொல்லியிருந்தார்.

"எப்பவும் எழுதுற மாதிரிதான். குண்டோட எடை, மருந்தோட எடை, தேதி," என்றான். "வேகம் வேணாம். கீழ சிவப்புல ஒண்ணு எழுதுவியே, அதுவும் வேணாம்."

"மருந்து எவ்வளவு?"

"எழுபத்துமூணு."

மார்லிஸ் கையிலிருந்த கிழங்கைத் திருப்பி மறுபக்கத்தைச் சீவத் தொடங்கினாள். பழைய சீட்டில் எழுபத்தாறரை என்று எழுதியதும் அவள் கைதான். லோவெலின் கையெழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும். மூன்றும் எட்டும் அதில் அக்கா தங்கைகள். அதனால் அவன் கராஜில் தோட்டா கட்டி முடித்து, பெட்டி பெட்டியாக அடுக்கியதும், எண்களைச் சொல்லச் சொல்ல அவள்தான் சீட்டு எழுதி மூடியில் ஒட்டுவாள். எந்தப் பெட்டியில் எவ்வளவு கனமான குண்டு, அதன் பின்னால் க்ரெய்ன் எடையில் எவ்வளவு வெடிமருந்து என்பது சீட்டைப் பார்த்தால்தான் தெரியும். தோட்டாவைக் காதில் வைத்து ஆட்டினாலா தெரியப்போகிறது.

மார்லிஸின் எழுத்துக்கு எங்கள் பிட்டர் ஃபோர்க் ஊரில் ஒரு மரியாதை உண்டு. இருபத்தாறு வருஷமாகக் கவுண்டி அலுவலகத்தில் வண்டிப் பதிவு அவள் ஜன்னலில்தான். கம்ப்யூட்டர் வந்த பிறகும், துக்க வீட்டில் வைக்கிற நோட்டின் முதல் பக்கமும் சர்ச்சில் விற்கிற கேக்கின் விலைச்சீட்டும் அவளிடம்தான் போகும். மார்லிஸ் எழுதினால் மறுபேச்சில்லை என்று காபிக்கடையில் சொல்வார்கள். அவள் ஒரு தேதியை முன்பின்னாகப் போட்டு யாரும் பார்த்ததில்லை. மாமியார் இறந்த தேதியைக்கூட லோவெல் ஒருநாள் தள்ளிச் சொன்னபோது, பாதிரியார் எதிரிலேயே திருத்தியவள்.

லோவெலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெடுஞ்சாலைத் துறையில் முப்பது வருஷம் பனி வாருகிற வண்டி ஓட்டினான். மணிக்கு இருபத்தைந்து மைல். பின்னால் நீண்டு வருகிற கார்க்காரர்கள் ஹாரன் அடித்தே அவனுக்குப் பாதிச் செவிடு. அப்படி ஊர்ந்து ஊர்ந்தே ஓய்வு பெற்ற மனுஷனுக்கு அறுபது வயதுக்கு மேல் வேகப் பைத்தியம் பிடித்தது என்றால், அதில் ஏதோ நியாயம் இருக்கத்தான் வேண்டும். இலேசான குண்டை விரட்டுவது பெரிய காரியமில்லை, யாரும் செய்வார்கள். இருப்பதிலேயே நீளமான, கனமான குண்டை எடுத்து, அதை நொடிக்கு மூவாயிரம் அடி ஓட வைக்க வேண்டும். அதுதான் அவன் ஆசை. கடையில் விற்கிற தோட்டா அந்தக் குண்டை இரண்டாயிரத்தெண்ணூறில் விடும். அந்த வேகம் போதவில்லை என்று இதுவரை எந்த எல்க் மானும் புகார் கொடுத்ததில்லை. லோவெல் கடைசியாகச் சுட்ட மூன்று எல்க்கும் கூப்பிடு தூரத்தில் நின்று புல் மேய்ந்தவை. ஆனால் அதையெல்லாம் அவனிடம் யார் சொல்வது.

மருந்து அளவுப் புத்தகத்தில் அந்தக் குண்டுக்கு எழுபத்துமூன்றோடு கோடு போட்டு நிறுத்தியிருந்தார்கள். "அது வக்கீலுங்க எழுதின புத்தகம்," என்பான் லோவெல். அரை க்ரெய்ன், அரை க்ரெய்னாக ஏற்றிக்கொண்டே போனான். அவன் துப்பாக்கி கிழம். பல்லாயிரம் முறை சுட்டுச் சுட்டுக் குழலின் தொண்டை தேய்ந்து, குண்டு உள்ளே புகுமுன் கொஞ்சம் தாராளமாக இடம் இருந்தது. அதனால் எழுபத்தாறரையைக்கூட முனகிக்கொண்டே தாங்கியது. புதுக்குழலில் அந்த இடம் இருக்காது. போன பிப்ரவரியில், பனியில் நின்று சுட்டுவிட்டு, மூவாயிரத்து நாலு என்று கத்திக்கொண்டு வந்தான். காபிக்கடையில் ஒருவரும் நம்பவில்லை. பரிமாறுகிற ட்வைலா, "உன் வேகமானிக்கு டிப்ஸ் எவ்வளவு குடுத்த?" என்று கேட்டாள். அதற்கப்புறம் யார் எதைப் பெரிதுபடுத்திச் சொன்னாலும் 'லோவெலோட மூவாயிரம்' என்பது ஊரில் வழக்கமாகிவிட்டது.

யாரும் நம்பாமல் போனதுதான் இப்போது அவனைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

போன வெள்ளிக்கிழமை ராச்சாப்பாட்டுக்கு மார்லிஸின் தம்பி கேலன் வந்திருந்தான். எரிவாயு லாரி ஓட்டுகிறவன். ஐம்பத்திரண்டு வயதிலும் வாய் சும்மா இருக்காது. ஆகஸ்டில்தான் தன் துப்பாக்கிக்கு ஓரினிடம் கொடுத்துப் புதுக்குழல் போட்டிருந்தான். எல்க் சீசன் தொடங்க ஒரு வாரம்தான் இருந்தது. மாட்டிறைச்சியை வெட்டிக்கொண்டே ஆரம்பித்தான்.

"மச்சான், அந்த மூவாயிரத்தை நீ மட்டும் தனியாப் போய்ப் பாத்துட்டு வர்ற. தேவதை காட்சி குடுத்த மாதிரி. சாட்சிக்கு ஒரு ஆளாவது வேணாமா?"

"நாளைக்கு வா. காட்டுறேன்."

"உன் கிழட்டுத் துப்பாக்கியிலயா? அதைச் சுட்டா குண்டுக்கு முன்னால துரு வந்து விழும். என்னோட புதுசுல போட்டுப் பாப்போம். குடு."

லோவெலின் காது மடல் சிவந்தது. ஒருத்தர் கட்டின தோட்டாவை இன்னொருத்தர் துப்பாக்கியில் போடக்கூடாது என்பது எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சங்கதி. லோவெலே அதைப் பத்துப் பேருக்குப் பாடமாக எடுத்திருக்கிறான். ஆனால் எழுந்து கராஜுக்குப் போனான். வரும்போது கையில் பெட்டி இருந்தது.

மார்லிஸ் ஆப்பிள் பை இனிப்புக்கு மேல் ஊற்ற க்ரீம் அடித்துக்கொண்டிருந்தாள். "மூடியில என்ன எழுதியிருக்குன்னு படி கேலன்," என்றாள்.

கேலன் பெட்டியைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, சர்ச்சில் வேதம் வாசிக்கிற குரலில் படித்தான். "'லோவெலின் துப்பாக்கிக்கு மட்டும்.' ஏன்க்கா, இவனோட பல் செட்டு டப்பாவிலயும் இப்படித்தான் எழுதி ஒட்டியிருக்கியா?"

எல்லாரும் சிரித்தார்கள். மார்லிஸும் சிரித்தாள். இந்த நாலு நாளில் அவள் திரும்பத் திரும்பப் போய் நின்றது மருத்துவமனை வராந்தாவில் அல்ல, அந்தச் சிரிப்பில்தான். நல்ல சிரிப்பு அது. க்ரீம் தெறித்து ஏப்ரனில் விழுகிற அளவுக்குச் சிரித்தாள்.

மறுநாள் காலை கல் குவாரியில் நடந்ததை லோவெல் அவளிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னான். மிஸ்ஸூலா மருத்துவமனைக்குக் காரில் போகும்போது, முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே. முதல் தோட்டா இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்று. இரண்டாவது தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று நாலு. அதற்குப் பிறகு, குழலின் பின்வாயை மூடுகிற போல்ட்டின் கைப்பிடி மேலே எழும்பவே இல்லை. லோவெல் ஒரு விறகுத் துண்டை எடுத்துக் கீழிருந்து தட்டித் திறந்தான். வெளியே விழுந்த பித்தளைக் கூட்டின் அடிப்புறத்தில் நகத்தால் கீறினதுபோல் பளபளவென்று ஒரு தழும்பு. மருந்து மிஞ்சிவிட்டது, நிறுத்து என்பதற்குப் பித்தளை வேறு எப்படிச் சொல்லும். லோவெல் அதைப் பார்த்தான், சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "ஆறுதான் மச்சான் குறையுது. இன்னொண்ணு போடு," என்றான்.

மூன்றாவது தோட்டாவில் போல்ட் பின்பக்கமாகப் பிய்ந்தது. கேலனின் வலது கண் அங்கேயே போய்விட்டது. கன்னத்து எலும்புக்குள் பித்தளைச் சில்லு.

இதைச் சொல்லி முடித்து இரண்டு மைல் தூரம் கழித்து, "நான் உங்கிட்ட ஒண்ணும் சொல்லல, சரியா?" என்றான் லோவெல்.

குவாரியில் அன்றைக்கு அவர்கள் இருவரைத் தவிர ஒருத்தரும் இல்லை. ஆம்புலன்ஸ் வருவதற்குள் லோவெல் மச்சானின் முகத்தில் தன் சட்டையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தான், அதையும் சொல்லியாக வேண்டும். அதே நேரம் மேஜைமேல் இருந்த பெட்டி அவன் கோட்டுக்குள் போயிருந்தது, அதையும்தான். ஞாயிற்றுக்கிழமை மார்லிஸ் போனபோது கேலனுக்கு இரண்டு கண்ணிலும் கட்டு. முதல் தோட்டாவுக்கு அப்புறம் எதுவும் நினைவில்லை என்றான். அக்காவின் விரலைப் பிடித்துக்கொண்டு, "மச்சானுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டான்.

அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்து காரை அணைத்ததும் கராஜிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. டொக், டொக், டொக். சுத்தியல் மாதிரி ஒரு பிளாஸ்டிக் கருவி; தோட்டாவை அதன் தலைக்குள் மாட்டி, சிமெண்டுத் தரையில் அடித்தால் குண்டு தனியாக, மருந்து தனியாகக் கழன்று விழும். மூன்று அடி, கொஞ்ச நேரம் அமைதி, மறுபடி மூன்று அடி. அவள் காரிலேயே உட்கார்ந்திருந்தாள். இருபது தோட்டாப் பெட்டியில் மூன்று செலவு. மீதி எவ்வளவு என்பதற்கு விரல் விட்டு எண்ண வேண்டியதில்லை. கடைசி அடி ஓய்ந்த பிறகு தராசை ஒழுங்குபடுத்துகிற கிளிக் ஓசை. பிரித்ததையெல்லாம் புத்தகக் கோட்டுக்குள் குறைத்து மறுபடி கட்டுகிறான் என்று அவளுக்குப் புரிந்தது. பழைய சீட்டு அடுப்பில் போயிருந்தது. சாம்பல் தட்டில் சிவப்பு மையின் ஓரம் ஒன்று எரியாமல் கிடந்ததை அவள்தான் மறுநாள் அள்ளிக் கொட்டினாள்.

ஊர் அதற்குள் தீர்ப்பு எழுதி முடித்துவிட்டது. புதுக்குழல் போட்ட துப்பாக்கி வெடித்திருக்கிறது என்றால் குழல் போட்டவனைத்தானே பார்ப்பார்கள். ஓரின் டீக்குக்கு எழுபத்தொரு வயது. ஆற்றோரத்தில் தகரக் கொட்டகையில் நாற்பது வருஷமாகத் துப்பாக்கி வேலை. திங்கட்கிழமை மட்டும் எட்டுப் பேர் போய், பழுதுபார்க்கக் கொடுத்ததை வேலை முடியாமலே திருப்பி வாங்கிக்கொண்டார்கள். "அவருக்குக் கை நடுங்குதுன்னு நான் அப்பவே சொன்னேன்," என்றாள் ட்வைலா. அவள் அப்பவே சொன்னதை யாரும் கேட்டதாக நினைவில்லை. அன்று சாயங்காலம் ஓரின் போன் செய்தார். லோவெல் தலையை ஆட்டி ஜாடை காட்ட, மார்லிஸ்தான் பேசினாள். குறை சொல்லவில்லை அவர். அந்தத் தோட்டாக்களை ஒரு தடவை பார்க்கலாமா என்று மட்டும் கேட்டார்.

"எழுது மார்லி. மணியாகுது," என்றான் லோவெல் இப்போது.

"தேதி?"

"செப்டம்பர் பத்து. கட்டின தேதிதானே."

"கட்டினது ஞாயித்துக்கிழமை."

லோவெல் நாற்காலி முதுகைத் தடவினான். "போன கண்ணு திரும்பியா வரப்போகுது? ஓரின் எப்படியும் இந்தக் குளிர்காலத்தோட கடையை மூடப்போறேன்னுதான் சொல்லிட்டிருந்தார். நாலு மாசம் முன்ன பின்ன. அவ்வளவுதான்."

"மூணாவதைப் போடுன்னு நீயாதான் சொன்ன."

"அவனும் சிரிச்சிட்டுதான் இருந்தான்."

"அவன் என் தம்பி, லோவெல்."

"எனக்குத் தெரியாதா?" அவன் குரல் திடீரென்று இறங்கிவிட்டது. "இந்த ஊர்ல என்னைத் தேடி வந்து வம்பிழுக்கிற ஆளு அவன் ஒருத்தன்தான். தெரிஞ்சா இந்த வாசப்படி மிதிப்பானா? அவன் பொண்டாட்டி ஜேனெல் விடுவாளா அவனை?" அவன் தாடை ஆடியது. மழிக்காத நரைமுடிக்குள் அது ஆடுவதை அவனே கையால் பிடித்து நிறுத்தப் பார்த்தான்.

மார்லிஸுக்கு அவனை அப்படிப் பார்க்க முடியவில்லை. கோபமாக இருந்திருந்தால் சமாளித்திருப்பாள். கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தாள். குண்டு இருநூற்றுப் பதினைந்து. மருந்து எழுபத்துமூன்று. செப்டம்பர் பத்து. கை நடுங்கும் என்று எதிர்பார்த்தாள். நடுங்கினால் அதையே சாக்காக வைத்து நிறுத்திவிடலாம் என்றும் ஓர் எண்ணம் இருந்தது. நடுங்கவில்லை. மூன்றின் வயிறு எப்போதும்போல் உருண்டு, ஏழின் குறுக்குக்கோடு எப்போதும்போல் சின்னதாக வந்தது. முதல் தடவையாகத் தன் எழுத்து அழகாக இருப்பது அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

ஓரின் சரியாக நாலு மணிக்கு வந்தார். வாசலிலேயே பூட்ஸைக் கழற்றப் போனவரை, வேண்டாம் என்று சொல்லி உள்ளே அழைத்தாள். "கேலன் எப்படிம்மா இருக்கான்?" என்றுதான் முதலில் கேட்டார். இன்னொரு கண்ணுக்கு ஆபத்தில்லை என்றதும் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். லோவெல் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான். வைத்துவிட்டுச் சும்மா இருக்கக்கூடாதா. பருவநிலையைப் பற்றிப் பேசினான், எல்க் கூட்டம் இந்த வருஷம் மேலேயே நிற்பதைப் பற்றிப் பேசினான், தான் புத்தகத்தைத் தாண்டுகிற ஆளே இல்லை என்றான். "வேணும்னா ஒண்ணைப் பிரிச்சு நிறுத்துப் பாருங்க ஓரின். தராசு உள்ளதான் இருக்கு."

ஓரின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூடியைப் படித்தார். கடைசி எழுத்து வரைக்கும் படித்தார். பிறகு மார்லிஸைப் பார்த்தார்.

"நீ எழுதினதா?"

"ஆமா."

"அப்புறம் எதுக்குப் பிரிக்கணும்," என்றார்.

பெட்டியை மூடி, இரண்டு கையாலும் லோவெல் பக்கம் மெல்லத் தள்ளினார். "உண்மையைச் சொல்லணும்னா லோவெல், நான் உன்மேலதான் சந்தேகப்பட்டேன். மனசுக்குள்ள உன்னைத் திட்டிக்கிட்டே வந்தேன். அந்த மூவாயிரத்தை ஊர் நம்பலன்னாலும், நான் பாதி நம்பினவன். மன்னிச்சிரு."

லோவெல் எழுந்து போய்க் கழுவுதொட்டியில் குழாயைத் திறந்தான். அங்கே கழுவுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

"மூணு தடவை அளந்தேன்மா," என்றார் ஓரின், மார்லிஸிடம். "போல்ட்டுக்கும் குழலுக்கும் நடுவுல இருக்கிற இடம். மூணு தடவையும் சரியாத்தான் இருந்தது. இப்ப யோசிச்சா, மூணாவது தடவை நான் அளவைப் பாத்தேனா, இல்ல அது சரியா இருக்கணும்னு நினைச்சதைப் பாத்தேனான்னு தெரியல. எழுபத்தொரு வயசுக் கண்ணு." அதைச் சொல்லும்போது அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது நடுங்கவில்லை. அதைப் பார்த்தவள் மார்லிஸ் ஒருத்திதான்.

காபி வேண்டாம் என்றார். போகப்போகிறார் என்று அவள் நினைத்தாள். நாற்காலியை விட்டு எழுந்து வண்டிக்குப் போனவர், பழைய நோட்டு ஒன்றையும் ஒரு கட்டு அஞ்சலட்டையையும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

"உங்கிட்ட ஒரு உதவி. இந்த அஞ்சு வருஷத்துல நான் முப்பத்தெட்டு பேருக்குக் குழல் போட்டிருக்கேன். சனிக்கிழமை சீசன் தொடங்குது. அத்தனை பேரும் அதைத் தூக்கிட்டுத்தான் மலையேறுவாங்க. இன்னைக்கே எழுதிப் போட்டாத்தான் வெள்ளிக்கிழமைக்குள்ள போய்ச் சேரும். போன்ல சொன்னா பாதிப் பேருக்குக் காது கேக்காது, மீதிப் பேரு கிழவன் உளறுறான்னு வச்சிருவான். நான் எழுதினா எனக்கே படிக்க வராது. நீ எழுதினா நம்புவாங்க."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. லோவெலின் முதுகு அசையவில்லை. மார்லிஸ் சொன்னாள், "லோவெல், தண்ணியை நிறுத்து." அவன் நிறுத்தவில்லை, அவனுக்குக் கேட்கவில்லையோ என்னவோ. உருளைக்கிழங்குகள் பாத்திரத்து நீரில் பழுப்பேறத் தொடங்கியிருந்தன.

ஓரின் நோட்டைப் பிரித்து, கண்ணாடியைச் சரிசெய்து, முதல் பெயர் மேல் விரலை வைத்தார். ஹார்மன் லீ, மில் ரோடு. அவள் எழுதினாள். பெயரும் முகவரியும் எழுதக் கை தானாகவே போயிற்று. பிறகு அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தொப்பியைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, கவுண்டி ஜன்னலுக்கு முன்னால் வாக்குமூலம் கொடுக்கிறவர்போல் நிதானமாகச் சொன்னார்.

"நான் உங்கள் துப்பாக்கிக்குப் போட்ட குழல் பாதுகாப்பானது அல்ல. தயவுசெய்து அதைச் சுட வேண்டாம். தவறு என்னுடையது."

சொல்லிவிட்டு, அவள் எழுதி முடிக்கட்டும் என்று ஜன்னல் பக்கம் பார்த்துக் காத்திருந்தார். வெளியே அவர் வண்டியின் கதவு சரியாகச் சாத்தாமல் திறந்தபடி நின்றது. உள் விளக்கு பகல் வெளிச்சத்தில் மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. மார்லிஸின் பேனா அட்டையைத் தொட்டுக்கொண்டு நின்றது. கழுவுதொட்டிப் பக்கம் தண்ணீர்ச் சத்தம் நின்றுபோயிற்று. லோவெல் திரும்பவில்லை.

வேகமாகச் சொல்லிவிட்டோம் போலிருக்கிறது என்று ஓரினுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு, முதல் வரியை மறுபடி, ஒவ்வொரு சொல்லுக்கும் இடைவெளி விட்டு, இன்னும் மெதுவாகச் சொன்னார்.